கண்டவர் இல்லாத போர்

ஸ்பெர்ம் திமிங்கிலமும் இராட்சதக் கணவாயும் கட்டிப் புரளும் படத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அக்காட்சியை உருவமாகவே செய்து வைத்துள்ளனர். நான் விலங்கியல் பயில்பவன் என்பதால், "வெல்வது யார்?" என்று விடுதி நண்பர்கள் கேட்பதுண்டு. திமிங்கிலந்தான். ஆயினும் ஆழ்கடலில் அப்போரை நேரிற் கண்டவர் எவருமிலர். பின் எவ்வாறு அறிந்தோம்?

முதற் சான்று திமிங்கிலத்தின் வயிறு. நம் ஊர் வலைகளில் வரும் ஊசிக் கணவாயைப் போலவே இதற்கும் வாயில் கிளிமூக்கை ஒத்த அலகு உண்டு. தசை செரித்துவிடும், அலகு எளிதில் செரியாது. வேட்டையர் அறுத்த திமிங்கில வயிறுகளில் கணவாய் அலகுகள் குவியலாகக் கிடந்தன. அலகின் வடிவம் இனத்தைச் சொல்லும். அளவு உடலின் பருமனைச் சொல்லும். டென்மார்க் அறிஞர் ஸ்டீன்ஸ்ட்ரப் 1857-இல் இவ்விலங்குக்கு ஆர்க்கிட்யூதிஸ் எனப் பெயரிட்டபோது அவர் கையிலிருந்த சான்றும், கரையொதுங்கிய ஒன்றின் அலகே. (செரியாத அலகுகள் குடலை உறுத்துவதால் விளைவதே அம்பர் என்பர். நம் செய்தித்தாள்கள் அதனைத் 'திமிங்கில வாந்தி' என்று எழுதுவது பொருந்தாது.)

அடுத்த சான்று தோல். கணவாயின் உறிஞ்சிகளைச் சுற்றிப் பல் வைத்த வளையங்கள் உள. அவை பதித்த வட்டத் தழும்புகள் திமிங்கிலத்தின் தலையில் காணப்படுகின்றன. இதைக் கொண்டு சமபலப் போர் என்று முடிவு கட்டுவது மிகை. கணவாய் 12 மீட்டர் நீளுமாயினும் அதிற் பெரும்பகுதி மெல்லிய இரு உணர்கைகளே. எடை 300 கிலோவுக்கு உட்பட்டது. வளர்ந்த ஆண் திமிங்கிலமோ 40 டன்! தப்ப முயன்ற இரையின் சுவடே அத்தழும்பு என்பது என் கருத்து.

1,000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல் ஏறத்தாழ 100 மடங்கு. அங்குத் திமிங்கிலத்தின் நுரையீரல் சுருங்கிவிடுகிறது. தசையிலுள்ள மயோகுளோபின் சேமித்த பிராணவாயுவே முக்கால் மணி நேரம் வரை தாங்குகிறது. இருளில் அது ஒலி எழுப்பி, எதிரொலியால் இரையை அறியும். கணவாய்க்கோ 27 சென்டிமீட்டர் அகலக் கண். திமிங்கிலம் வரும் வழியில் கலைந்து ஒளிரும் சிற்றுயிர்களின் வெளிச்சத்தை 120 மீட்டருக்கு அப்பாலிருந்தே அக்கண் காணும் என்று 2012-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

இக்கணவாயை அதன் இருப்பிடத்தில் உயிரோடு முதன்முதல் படமெடுத்தவர்கள் ஜப்பானியரான குபோடெராவும் மோரியும். திமிங்கிலங்கள் இரை தேடும் ஒகசவாரா தீவுக் கடலையே அவர்கள் தேர்ந்தெடுத்தனர்; 2004-இல் 900 மீட்டர் ஆழத்தில் தூண்டிலும் காமிராவும் இறக்கினர். மந்தமான பிராணி என்று பலர் எண்ணியிருந்த அது, பாய்ந்து இரையைப் பற்றியது. தூண்டிலில் சிக்கி நான்கு மணி நேரத்துக்கு மேல் போராடி, 5.5 மீட்டர் நீள உணர்கையொன்றை அறுத்து விட்டுச் சென்றது.