வெளிச்சத்துக்குக் காத்திருக்கும் நான்கு ஞாயிறு



டிசம்பர் பிறந்துவிட்டால் தோட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளின் வாசலில் காகித நட்சத்திரம் தொங்கத் தொடங்கிவிடும். "நத்தாருக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று பிள்ளைகள் விரல் விட்டு எண்ணுவார்கள். நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளையும் திருவருகைக் காலம் என்கிறோம். நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறில் இது தொடங்கும். எல்லாச் சபைகளும் இதைக் கடைப்பிடிப்பதில்லை. கடைப்பிடிக்கிறவர்களுக்கு இது ஆண்டவருடைய வெளிச்சத்துக்குக் காத்திருக்கும் காலம்.

லூக்கா சுவிசேஷத்தில் சிமியோன் என்ற பெரியவர் வருகிறார். மீட்பரைக் காணாமல் கண் மூடமாட்டாய் என்ற வாக்கை நம்பிக் காத்திருந்தவர். குழந்தை இயேசுவைக் கையில் வாங்கியதும், இது மற்ற இனத்தாருக்கும் வெளிச்சம் என்றார். தன் இனத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெழுகுதிரி வளையம் பிற்காலத்து வழக்கம். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் யோகான் வீகெர்ன் என்ற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்தினார். அந்தப் பிள்ளைகளும் "எப்ப வரும், எப்ப வரும்" என்று தினமும் நச்சரித்தார்களாம். 1839இல் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தில் வாரநாட்களுக்குச் சின்னத் திரியும் ஞாயிறுக்குப் பெரிய வெள்ளைத் திரியும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்ற வைத்தார். இன்று ஞாயிறுக்கு ஒன்றாக நான்கு திரி.

ஏன் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும்? நான்கையும் ஒரே நாளில் ஏற்றினால் என்ன? இதற்கு விடை தேடி மட்டக்களப்பு வாவிக் கரைக்குப் போய் வருவோம்.

பட்டணத்திலிருந்து கல்லடிப் பாலம் கடந்து தெற்கே போனால் காத்தான்குடி. நடுத்தெருவில் பேரீச்சை மரம் நிற்கும் முஸ்லிம் ஊர். இரண்டு பக்கமும் தமிழ் ஊர்கள். அந்தப் பக்கம் திருவருகை அடைமழையோடுதான் வரும். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தது. தென்னை முறிந்தது, கூரை பறந்தது, மின்கம்பம் சரிந்தது. அந்த ஆண்டு முதல் ஞாயிறு டிசம்பர் 3. சரியாகப் பத்தாம் நாள். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஒரே இருட்டு, அதே குப்பி விளக்கு.

பிறகு வந்த இருட்டு மனுசர் செய்தது. 1990 ஆகஸ்ட் 3 இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2005இல் நத்தார் நள்ளிரவுப் பூசையின்போது, மட்டக்களப்பு மரியாள் பேராலயத்துக்குள்ளேயே பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராசசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சின்னப் பிள்ளைகள். குண்டு கொண்டுவந்தவன் காத்தான்குடிக்காரன் என்று தெரிந்ததும் அந்த ஊரையே குற்றவாளியாகப் பார்த்தார்கள். 1990இல் தன் பிள்ளைகளைத் தானே அடக்கம் செய்த ஊர் அது என்று அப்போது எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

அந்த 2019இல் திருவருகை டிசம்பர் 1இல் தொடங்கியது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் "வெளிச்சம் வந்துவிட்டது, அழாதே அம்மா" என்று சொல்ல எனக்கு நா எழாது. முதல் ஞாயிறில் ஒரு திரிதான் எரிகிறது. மற்ற மூன்றும் சும்மா நிற்கின்றன. இருட்டு இன்னும் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளும் வழிபாடு அது. அழுகிறவர்களும் அதில் உட்காரலாம். அதனால்தான் ஒவ்வொன்றாக ஏற்றுவது சரி என்று எனக்குப் படுகிறது. சிமியோன் சொன்னபடி பார்த்தால், பாலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தத் திரி.

வீட்டில் செய்ய வண்டிச் சக்கரம் தேவையில்லை. ஒரு மண்சட்டியில் மணல் போட்டு நான்கு மெழுகுதிரி நட்டு, ஓரத்தில் சைப்பிரஸ் கொப்பு செருகினால் போதும். கார்த்திகை விளக்கு வைக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: லயத்தில் ஒரு காம்பிராவில் தீப்பிடித்தால் வரிசை முழுக்கப் போய்விடும். திரைச்சீலைக்குக் கிட்ட வைக்காதீர்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், படுக்கப் போகுமுன் மறக்காமல் ஊதி அணைத்துவிடுங்கள்.