மகன்தான் மனு போடணும்னு யார் சொன்னது?

"பெரியவன் டாக்டருங்க. கை நெறையச் சம்பளம். அவன் பேர்ல போட்டாத்தான் கிரீன் கார்டு வெரசா வருமாமுங்க."

பல்லடத்தில் என் நோட்டரி மேஜைக்கு முன்னால் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. கறிக்கோழிப் பண்ணைக்காரர், தறிக்குடோன் வைத்திருப்பவர், ஓய்வு பெற்ற டீச்சர் என்று வருகிற ஆள்தான் மாறுகிறார். சொல்கிற வாக்கியம் மாறுவதில்லை.

போன மாதம் வந்த அம்மாவின் கதையைக் கேளுங்கள். மூத்த மகன் டெக்ஸாஸில் டாக்டர். அவருக்குக் கிரீன் கார்டு கிடைத்தே இரண்டு வருடம்தான் ஆகிறது. இளைய மகள் நியூ ஜெர்சியில். சின்ன வேலை, இரண்டு குழந்தைகள். ஆனால் 2020-லேயே அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார். அம்மாவும் அப்பாவும் பையன் சிட்டிசன் ஆகட்டும் என்று வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் முடிந்தால்தான் பொதுவாகக் குடியுரிமைக்கே விண்ணப்பிக்க முடியும். அந்த மகனுக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி. மகள் 2020-லேயே மனு போட்டிருந்தால் இந்நேரம் பேரப்பிள்ளைகளோடு இருந்திருப்பார்கள்.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் சம்பளத்தைப் பார்த்து வரிசையை நகர்த்துவதில்லை. அது பார்ப்பது இரண்டை. மனு போடுபவர் சிட்டிசனா, கிரீன் கார்டுக்காரரா? அவருக்கு நீங்கள் என்ன உறவு? 21 வயது நிறைந்த சிட்டிசன் மகனோ மகளோ மனு போட்டால், அப்பா அம்மா 'உடனடி உறவினர்' கணக்கில் வருகிறார்கள். அந்தப் பிரிவுக்கு வருடாந்திர உச்சவரம்பு கிடையாது, வருடக்கணக்கான வரிசையும் கிடையாது. காகிதம் நகரும் நேரம்தான். கட்டிக்கொடுத்த மகள், கட்டாத மகள், மூத்தவன், இளையவன் என்ற பேதம் அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர், மாதம் எத்தனை லட்சம் சம்பாதித்தாலும், பெற்றோருக்கு மனு போடவே முடியாது. அந்த டாக்டர் மகனால் இன்றைக்கு ஆகாதது, சின்ன வேலை பார்க்கும் மகளால் ஆகும்.

இதைச் சொன்னதும் அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புள்ள ஊட்டுல போயி உக்காந்தா நாலு பேரு என்னங்க சொல்லுவாங்க?"

விஷயம் இதுதான். டாக்டர் சம்பளம் என்பது மேல்பூச்சு. மகள் தயவில் இருக்கக்கூடாது என்ற நம் பக்கத்துப் பழைய எண்ணத்துக்குத்தான் அமெரிக்கச் சட்டத்தின் பெயரைச் சூட்டி ஊரெல்லாம் பரப்புகிறோம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். மகளை அனுப்பும்போது சீர் செய்தோம், படிக்க வைத்தோம் என்று பெருமை பேசுகிறோம். அவள் பெயரில் ஒரு மனு போனால் மானம் போய்விடுமா? மகள் மனு போட்டாலும் மகள் வீட்டில்தான் குடியிருக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. கார்டு கிடைத்த பின் மகன் வீட்டில் தாராளமாக இருக்கலாம்.

பணம் எங்கே வருகிறது என்றால், கடைசிக் கட்டத்தில். ஸ்பான்சர் செய்பவர் ஐ-864 என்ற உறுதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அமெரிக்க அரசு அறிவிக்கும் வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 சதவீதமாவது அவருக்கு இருக்க வேண்டும். மகள், மருமகன், இரண்டு குழந்தைகள், அப்பா, அம்மா என ஆறு பேருக்கு, 2025 கணக்குப்படி, ஆண்டுக்குச் சுமார் 54,000 டாலர். மருமகனின் வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம். அதுவும் போதவில்லையா? கூட்டு ஸ்பான்சர் என்று இன்னொருவர் கையெழுத்துப் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. அவர் கிரீன் கார்டுக்காரராக இருந்தாலே போதும். ஆக, மனு மகள் பெயரில், பணப் பொறுப்பு டாக்டர் மகன் கையெழுத்தில். இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து செய்யட்டுமே. ஆனால் இது சும்மா கையெழுத்து இல்லை. வந்தவர் சிட்டிசன் ஆகும் வரை, அல்லது அவர் கணக்கில் நாற்பது காலாண்டு வேலை, அதாவது ஏறத்தாழ பத்து வருட உழைப்பு, சேரும் வரை அந்தப் பொறுப்பு நிற்கும். போடுகிறவர் தெரிந்து போட வேண்டும்.

அடுத்த கூட்டம் அண்ணன் தம்பிகள். "அண்ணன் சிட்டிசனுங்க, ரெண்டு மூணு வருசத்துல எங்களுக்கும் வந்துருமுங்களா?" வராது. உலகம் முழுவதுக்கும் உடன்பிறப்புப் பிரிவில் ஒரு வருடத்துக்கு 65,000 விசாக்கள்தான். அதோடு எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பும் உண்டு. 2025-இல் வந்த மாதாந்திர விசா அறிவிப்புகளைப் பார்த்தேன். இந்தியாவில் பிறந்தவர்களில், 2006-இல் மனு போட்டவர்களின் முறைதான் அப்போது நடந்துகொண்டிருந்தது. பத்தொன்பது வருடம்! மனு போடும்போது நாலு வயதாக இருந்த பெண் குழந்தை, முறை வரும்போது 23 வயதுக்காரி. 21 தாண்டிய பிள்ளை பெற்றோரோடு சேர்ந்து போக முடியாது. மனு அலுவலக ஆய்வில் கிடந்த காலத்தை மட்டும் வயதில் கழித்துக்கொள்ள 2002-இல் ஒரு சட்டம் வந்தது. வரிசையில் நின்ற காலம் கழியாது. "யார் போட்டா நல்லதுங்க" என்று இரண்டு வருடம் வீட்டில் பஞ்சாயத்து நடத்துகிறவர்கள் அந்த இரண்டு வருடத்தையும் வரிசையில் இழக்கிறார்கள். அண்ணனும் அக்காளும் சிட்டிசன் என்றால் இரண்டு பேருமே தனித்தனியாகப் போடலாம். தடையே இல்லை. ஒருவர் காலமானால் அவர் போட்ட மனு விழுந்துவிடும் அபாயம் இருப்பதால் அது புத்திசாலித்தனமும்கூட.

கல்யாணம் ஆகாத தம்பிக்கு இன்னொரு வழி உண்டு. கார்டு வாங்கிய அப்பாவோ அம்மாவோ அவனுக்கு மனு போடலாம். 2025 நிலவரப்படி அந்த வரிசை ஏறத்தாழ ஒன்பது வருடம், உடன்பிறப்பு வரிசையில் பாதிதான். ஆனால் நடுவில் தம்பிக்குக் கல்யாணம் முடித்தால், மனு போட்டவர் அப்போதும் கிரீன் கார்டுக்காரராகவே இருந்தால், மனு செத்துப்போகும். முகூர்த்தம் குறிப்பதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது இது. தாலி கட்டிய பின் என்னிடம் ஓடி வந்து பிரயோஜனம் இல்லை.

சித்தப்பா, மாமா, தாத்தா யாரும் மனு போட முடியாது. அப்படி ஒரு பிரிவே இல்லை. அங்கே பிறந்த பேரன் சிட்டிசன்தான், ஆனால் தன் அப்பா அம்மாவுக்கே 21 வயதில்தான் மனு போடுவான். ஒரே மனுவில் அப்பா அம்மா இருவரும் போக முடியாது. ஆளுக்கு ஒரு ஐ-130 மனு, 2024 ஏப்ரல் முதல் இணையத்தில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 625 டாலர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்த் தலைகாட்டினால் கார்டு நிலைக்கும் என்பதும் தப்பு. அங்கே குடியிருக்கிறவர்களுக்குத்தான் அந்தக் கார்டு. தோட்டத்தையும் பண்ணையையும் விட்டு வர மனமில்லாதவர்களுக்குச் சுற்றுலா விசாவே பொருத்தம்.

டொராண்டோவில் அண்ணன் இருக்கிறவர்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள். கனடாவில் வயது வந்த உடன்பிறப்புக்குப் பொதுவாக ஸ்பான்சர் வழியே கிடையாது.

இனி நான் யாரைக் கண்டாலும் விடாமல் சொல்லும் விஷயம், சான்றிதழ். மகள் அம்மாவுக்கு மனு போட, தேவைப்படுவது மகளின் பிறப்புச் சான்றிதழ். அதில் அம்மாவின் பெயர் இருக்க வேண்டும். அப்பாவுக்குப் போட, பெற்றோரின் திருமணச் சான்றிதழும் வேண்டும். நம் வீடுகளில் மகனின் சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கும். மகளுடையதைத் தேடினால் பள்ளிக்கூட டி.சி.தான் கிடைக்கும். சான்றிதழ் இருந்தாலும் அப்பா பெயர் ஒன்றில் ரங்கசாமி, இன்னொன்றில் ரெங்கசாமி. திருப்பூர் மாவட்டம் 2009-இல்தான் உருவானது. அதற்கு முன் பல்லடம் கோவை மாவட்டம். பழைய சான்றிதழில் ஒரு மாவட்டம், பாஸ்போர்ட்டில் வேறு மாவட்டம். இதற்கு ஒரு விளக்கக் குறிப்பும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா மறுபடியும் வந்தார். மகளின் பிறப்புச் சான்றிதழைக் கண்டுபிடித்திருந்தார். அதில் அம்மா பெயர் என்ற இடத்தில் அவருடைய வீட்டுப் பெயர்தான் இருந்தது. பாஸ்போர்ட்டில் வேறு. இரண்டும் ஒரே ஆள் என்று பிரமாணப் பத்திரம் எழுதி, கையெழுத்து வாங்கி முத்திரை வைத்தேன். அவர்களுடைய கல்யாணம் 1979-இல் கோயிலில் நடந்தது, பதிவு இல்லை. இந்து திருமணச் சட்டப்படி இப்போதும் பதியலாம் என்றதும், வருகிற திங்கட்கிழமை அவரும் வீட்டுக்காரரும் சார்பதிவாளர் அலுவலகம் போவதாக முடிவாயிற்று. சான்று கைக்கு வந்த அன்று ராத்திரியே மகள் நியூ ஜெர்சியிலிருந்து இரண்டு மனுக்களையும் இணையத்தில் போடுவார்.