ஒரு மீட்டர் தூரத்தில் நில்

அன்புத் தம்பிக்கு,

பொலராய்டு 'பிக் ஷாட்' ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டு எழுதியிருந்தாய். பாப் ஓவியர் ஆண்டி வார்ஹோல் கையில் அதைப் பார்த்த யாருக்கும் வருகிற ஆசைதான். வாங்குவதற்கு முன் அந்தக் கேமராவை நன்றாகப் புரிந்துகொள்.

பொலராய்டு நிறுவனம் 1971 முதல் 1973 வரை மட்டுமே தயாரித்த நீளமான பிளாஸ்டிக் பெட்டி அது. 220 மி.மீ. லென்ஸ், ஃபோகஸைத் திருப்ப வளையமே கிடையாது. ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் முகம்தான் அதில் தெளிவாக விழும். வியூஃபைண்டரில் முகம் இரண்டாகத் தெரியும். இரண்டும் ஒன்றாகச் சேரும்வரை நீதான் முன்னே பின்னே நகர வேண்டும். மேலே மாட்டும் மேஜிக்யூப் பிளாஷுக்கு பேட்டரிகூட வேண்டாம். எடுத்ததும் ஃபிலிமை வெளியே இழுத்து, ஒரு நிமிடம் பொறுத்து, தாளை உரித்தால் படம் கையில்.

இவ்வளவு எளிய பெட்டியை, தயாரிப்பு நின்றுபோன பிறகும், வார்ஹோல் ஏன் விடாமல் வைத்திருந்தார்? அந்த பிளாஷ் முகத்தின் சுருக்கங்களையும் மேடுபள்ளங்களையும் அழித்துவிடும். பலருக்கு அவர் வெள்ளை மேக்கப்பும் போடச் சொன்னார். மிஞ்சுவது கண், புருவம், உதடு. பட்டுத்திரை (சில்க்ஸ்கிரீன்) அச்சுக்கு அவருக்கு வேண்டியிருந்தது அதுதான். 1977இல் குத்துச்சண்டை வீரர் முகமது அலியைப் பென்சில்வேனியாவின் டீர் லேக் பயிற்சி முகாமுக்கே போய்ப் படம் எடுத்தார். ஒன்றோடு நிறுத்தவில்லை, எடுத்துக் குவித்து, அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து, பெரிதாக்கித் திரைக்கு மாற்றி, 40 அங்குலச் சதுரக் கான்வாஸில் அச்சிட்டு வண்ணம் சேர்த்தார். பொலராய்டு படம் அவருக்கு வேலையின் தொடக்கம் மட்டுமே. முகத்திலிருந்து என்ன வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்தார். கருவி அதற்குப் பிறகு வந்தது. நீ இதைத் தலைகீழாகச் செய்யப் பார்க்கிறாய் என்பதுதான் என் கவலை.

ஃபிலிம் சங்கதியும் இருக்கிறது. பிக் ஷாட்டில் போடும், தாளை உரிக்கும் வகை ஃபிலிமைக் கடைசிவரை பெரிய அளவில் செய்துவந்த ஃபூஜிஃபில்ம் 2016இல் எஃப்பி-100சி தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. காலாவதியான பாக்கெட்டுகள் யானை விலைக்குப் போகின்றன. அவற்றிலும் உள்ளே இருக்கும் ரசாயனம் காய்ந்துபோயிருக்கலாம். உன் பணத்தை அதில் போடாதே.

உன்னிடம் இருக்கும் கேமராவே போதும். 85 மி.மீ. லென்ஸை மாட்டு, ஃபோகஸை ஒரு மீட்டரில் நிறுத்து, அந்த வளையத்தின்மேல் டேப் ஒட்டிவிடு. இனி நகர வேண்டியது நீ. அவ்வளவு பக்கத்தில் போய் நின்றால் எதிரே இருப்பவரோடு பேசாமல் தப்ப முடியாது, பேசு. எடுத்த படத்தை உடனே அவரிடம் காட்டு. அதைப் பார்த்த பிறகு முகம் மாறும். அடுத்த படத்தை அப்போது எடு.

எடுத்தவற்றில் பத்து முகங்களைத் தேர்ந்து, அச்சிட்டு எனக்கு அனுப்பு. திரையில் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

அன்புடன்,
உன் அண்ணன்