சோர்வு என்பது சோம்பல் அல்ல



சில மாதங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தினோம். பத்து வருடமாகக் குழுவில் இருக்கும் ஓர் அக்காவுக்கு ஹீமோகுளோபின் 7.8 என்று வந்தது. "நாலு குடம் தண்ணி எடுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது. வீட்டுல சோம்பேறின்னு சொல்றாங்க. நானும் அப்படித்தான் நினைச்சிட்டேன்" என்றார். பிறகு, "இரும்புச்சத்து கம்மின்னு நர்சம்மா சொல்றாங்களே, ரத்தத்துல இரும்பு எங்க இருக்கு மேடம்?" என்று கேட்டார்.

அன்று கூட்டத்தில் விளக்கமாகச் சொல்ல நேரமில்லை. அந்தப் பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

செல் என்றால் என்ன?

வீடு செங்கல் செங்கல்லாகக் கட்டியது போல நம் உடம்பு செல்களால் ஆனது. 1665-ல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்பவர் தக்கையைச் சீவி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தார். சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. அதற்குச் 'செல்', அதாவது சிறு அறை, என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது காலி அறைகள். உயிருள்ள செல்லோ ஆள் நிறைந்த வீடு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு.

* செல் சவ்வு: இதுதான் வாசல். எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று பார்த்து அனுப்பும்.
* உட்கரு: பத்திரமாக வைத்திருக்கும் பதிவேடு. உடம்புக்கு எந்தப் பொருளை எப்படிச் செய்வது என்ற குறிப்பு இதில் இருக்கிறது.
* ரைபோசோம்: சமையல்கட்டு. உட்கருவிலிருந்து வரும் குறிப்பைப் பார்த்துப் புரதம் தயாரிக்கும்.
* கோல்கை உறுப்பு: தயாரான புரதத்தைக் கட்டி, சேர வேண்டிய இடத்துக்கு அனுப்பும்.
* லைசோசோம்: பழுதானதை உடைத்துச் சுத்தம் செய்யும்.
* மைட்டோகாண்ட்ரியா: அடுப்பு. நாம் சாப்பிட்ட சாப்பாட்டை ஆக்சிஜன் சேர்த்துச் சக்தியாக மாற்றும். இது நமக்கு அம்மாவிடமிருந்துதான் வருகிறது.

அடுப்பு எரியக் காற்று வேண்டும் இல்லையா? மைட்டோகாண்ட்ரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். அதை நுரையீரலிலிருந்து சுமந்து வருவது ரத்தத்தில் உள்ள சிவப்பு அணு.

இரும்பு எங்கே இருக்கிறது?

சிவப்பு அணு எலும்பு மஜ்ஜையில் உருவாகிறது. இளம் அணுவில் மேலே சொன்ன எல்லா உறுப்பும் இருக்கும். உட்கரு குறிப்பு கொடுக்க, ரைபோசோம் புரதம் செய்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் இரும்பு சேர்ந்து 'ஹீம்' என்ற பொருள் தயாராகிறது. புரதமும் ஹீமும் சேர்ந்ததுதான் ஹீமோகுளோபின். ஒரு ஹீமோகுளோபினில் 4 இரும்பு அணுக்கள் உண்டு. அந்த இரும்புதான் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. அக்கா கேட்ட இரும்பு இங்கேதான் இருக்கிறது.

வேலை முடியும் நேரத்தில் அந்த அணு தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவும் போய்விடும். ஹீமோகுளோபினுக்கு இடம் வேண்டுமே! அதனால் அந்த அணுவால் தன்னைப் பழுது பார்த்துக்கொள்ள முடியாது. சுமார் 120 நாள்தான் அதன் ஆயுள். அதற்கு ஈடாக நம் உடம்பு ஒரு விநாடிக்குச் சுமார் 20 லட்சம் புதிய அணுக்களைச் செய்கிறது.

இரும்பு இல்லாவிட்டால் ஹீமோகுளோபின் குறையும். ஆக்சிஜன் குறைவாகப் போகும். கை கால் தசையில் உள்ள அடுப்பு மந்தமாகும். மூச்சு வாங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், தலை சுற்றும். இதற்குப் பெயர் சோம்பல் இல்லை, ரத்தசோகை.

உடம்பின் சுழல் நிதி

புது ரத்தம் செய்ய ஒரு நாளைக்குச் சுமார் 20 மில்லிகிராம் இரும்பு வேண்டும். பழைய அணுக்கள் மண்ணீரலிலும் கல்லீரலிலும் உடையும்போது கிடைக்கும் இரும்பே இதில் பெரும்பகுதி. நம் குழுவின் சுழல் நிதி மாதிரி அதே இரும்பு சுற்றிச் சுற்றி வருகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது 1 அல்லது 2 மில்லிகிராம்தான்.

ஆனால் மாதவிலக்கிலும் பிரசவத்திலும் போகும் ரத்தம் திரும்ப வராத கடன். முதலில் உடம்பு தன் சேமிப்பை எடுத்துச் செலவு செய்யும். சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. 20 பேர் உள்ள குழு என்றால் பத்துப் பதினொரு பேர்!

நாம் செய்ய வேண்டியது

1. ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யுங்கள். 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை. கர்ப்பிணிகளுக்கு 11. எட்டுக்குக் கீழே இறங்கினால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.
2. முருங்கைக்கீரை, கம்பு, பயறு வகைகள் சேருங்கள். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரல், சுவரொட்டி நல்லது. சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல்தானே!
3. கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சாப்பிட்டால் இரும்பு நன்றாகச் சேரும். டீ, காபி அதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.
4. சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். பயந்து நிறுத்த வேண்டாம். சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள். அளவு சரியான பிறகும் டாக்டர் சொல்லும் வரை தொடருங்கள். சேமிப்பும் நிரம்ப வேண்டும்.
5. மாதவிலக்கு அதிகமாகப் போனால் மறைக்காதீர்கள். குடல் புழு, வேறு சத்துக் குறைவு ஆகியவற்றாலும் ரத்தசோகை வரும். காரணத்தைக் கண்டுபிடித்தால்தான் தீரும்.

அந்த அக்காவை ஊக்குநரே டாக்டரிடம் அழைத்துப் போனார். மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு இருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சிகிச்சை நடக்கிறது. மூன்று மாதத்தில் 10.4-க்கு வந்திருக்கிறார். "இப்ப வீட்டுல யாரும் சோம்பேறின்னு சொல்றதில்ல. சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்" என்கிறார்.

குழுக் கூட்டத்தில் விவாதிக்க:

* நம் குழுவில் கடந்த ஒரு வருடத்தில் ரத்தப் பரிசோதனை செய்தவர்கள் எத்தனை பேர்?
* நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? அவர் தட்டில் கீரை மிஞ்சுகிறதா?
* மற்றவர்கள் எல்லோரும் பரிசோதனைக்குப் போகும் நாளைத் தீர்மான நோட்டில் எழுதுவோமா?