நோட்டை எடுத்துக்கொண்டு நேரில் போ

அன்புள்ள செந்திலுக்கு,

அண்ணி போனில் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று லட்சம் கட்டினால் பெரிய கம்பெனியில் உட்கார்த்தி வைப்பதாகச் சென்னையில் யாரோ சொல்கிறாராம். பாதிப் பணத்தை இந்த மாதமே தர வேண்டுமாம். படிப்பு முடிந்தும் வேலை அமையாத பிள்ளையின் மனசு அத்தைக்குப் புரியாமல் இல்லை. முடிவு உன்னுடையதுதான், யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் மேலக்காடு எப்படிக் கைவிட்டுப் போனது என்பதை மட்டும் ஒரு தரம் நினைத்துப் பார். உன் சித்தப்பாவின் வேலைக்காக அதை விற்றுப் பணம் கட்டிய பிறகு, ஆர்டர் வந்துவிடும், வந்துவிடும் என்றார்கள். வரவே இல்லை. தாத்தா அதற்கப்புறம் அந்தப் பக்கத்து வரப்பில் கால் வைக்கவில்லை.

வேலைக்கு வேறு வழிகளில் போய்ச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். மாமா பட்டறையில் நீ காயில் கட்டும் மோட்டாருக்கே மூலகர்த்தாவான மைக்கேல் ஃபாரடே அப்படிப் போனவர்தான்.

லண்டனில் ஒரு கொல்லரின் மகன். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகிய பையன். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்துப் படித்தே விஞ்ஞானத்தில் ஆசை பிடித்துக்கொண்டது. 1812இல் கடை வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி நடத்திய சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். ஃபாரடே நான்கு சொற்பொழிவுகளையும் கேட்டுக் குறிப்பெடுத்தார். வீட்டுக்கு வந்து அவற்றைத் திருத்தமாக எழுதி, படங்கள் வரைந்து, 300 பக்கங்களுக்கு மேல் வளர்ந்ததைத் தன் கையாலேயே பைண்ட் செய்தார். ஏதாவது வேலை கொடுங்கள் என்று ராயல் சொசைட்டித் தலைவருக்கு அதற்கு முன்பே வெறுங்கடிதம் போட்டுப் பார்த்திருந்தார், பதில் இல்லை. இந்த முறை அந்தப் புத்தகத்தை டேவிக்கே அனுப்பினார். கேட்டவரின் காதும் புரிந்துகொண்ட மூளையும் பைண்ட் செய்த விரலும் மூன்றும் அதிலேயே தெரிந்தன.

டேவி உடனே வேலை கொடுத்துவிடவில்லை, செந்தில். கூப்பிட்டுப் பேசினார், இடம் காலியில்லை, பைண்டிங் தொழிலையே பார் என்றுதான் சொல்லி அனுப்பினார். சில வாரங்களில் அங்கே ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் சண்டை போட்டதற்காக நீக்கப்பட்டார். டேவிக்கு அப்போது ஞாபகம் வந்தது அந்தப் புத்தகக்காரப் பையன். 1813 மார்ச் 1இல் ஃபாரடே வேலையில் சேர்ந்தார். இடம் காலியான நேரத்தில் ஞாபகத்தில் இருந்தாரே, அதை எந்த ஏஜென்டாலும் வாங்கித் தந்திருக்க முடியாது. எட்டு வருஷம் கழித்து, 1821இல், மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். உலகத்தின் முதல் மின்மோட்டார் அதுதான். 

நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜன் கல்லூரியில் எஃப்.ஏ. பரீட்சை தேறாதவர். கல்யாணம் ஆகிவிட்டது, வருமானம் இல்லை. 1910இல் திருக்கோவிலூர் போய், டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரிடம் தன் கணக்கு நோட்டுகளைக் காட்டி, ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் ராமசாமி ஐயர்; அந்தப் பக்கங்களில் இருந்தது என்ன என்று அவருக்குப் புரிந்தது. இப்படிப்பட்டவரைத் தாலுகா ஆபீசில் போட்டு அமுக்கக் கூடாது என்று வேலை தராமல், சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நோட்டு ஆள் மாறி ஆள் மாறிப் போய், 1912 மார்ச் 1இல் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயரும் கணிதக்காரர். மறு ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதியது அந்தக் குமாஸ்தாவாக இருந்துகொண்டுதான்.

"ராமானுஜனுக்கும் சிபாரிசு இருந்ததே" என்பாய். இருந்தது. மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த நற்சான்றை விண்ணப்பத்தோடு வைத்தார். கொடுத்தவர், கணக்கில் இவருக்குள்ள அபூர்வத் திறமையைச் சொல்லிக் கொடுத்தார். உன்னைக் கண்ணால் பார்க்காமல், நீ என்ன செய்வாய் என்றுகூடக் கேட்காமல், மூன்று லட்சம் கேட்கிறவர் சொல்லும் வார்த்தை சிபாரிசா? அதற்கு வேறு பெயர் இருக்கிறது, அதை உன் தாத்தா வீட்டில் சொல்ல விடமாட்டார்.

கேட்கத் துணிந்ததாலேயே வேலை கிடைத்தவர்களும் உண்டு. ஜேன் குடால் அப்போது கல்லூரிப் பட்டம் இல்லாதவர். ஹோட்டலில் பரிமாறிச் சேர்த்த காசில் கென்யா போய், 1957இல் நைரோபி அருங்காட்சியகத்தில் இருந்த ஆய்வாளர் லூயி லீக்கிக்குத் தானே போன் செய்து, விலங்குகளைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். லீக்கியின் செயலாளர் அப்போதுதான் வேலையை விட்டிருந்தார். அந்த இடம் ஜேனுக்குக் கிடைத்தது. 1960இல் கோம்பேக் காட்டுக்குச் சிம்பன்சிகளைப் பார்க்க அவரையே அனுப்பினார் லீக்கி. கேட்காமலேயே, திறமையைக் காட்டியதால் வேலை தேடி வந்தவர்களும் உண்டு. 1942இல் லண்டனில் 'டெய்லி டெலிகிராஃப்' குறுக்கெழுத்தை 12 நிமிஷத்துக்குள் போடச் சொல்லி ஒரு போட்டி நடந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் சிலருக்குப் பிறகு ராணுவத்திடமிருந்து கடிதம் வந்தது. எதிரியின் ரகசியச் செய்திகளை உடைக்கும் பிளெட்ச்லி பார்க்கில் வேலை!

உன் கையில் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியவில்லை. மாமா பட்டறையில் போன கோடையில் எத்தனை மோட்டாருக்குக் காயில் கட்டினாய்? ஒரு நோட்டு வாங்கு. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு பக்கம். எத்தனை எச்.பி., எத்தனை ஸ்லாட், எந்த கேஜ் கம்பி, எத்தனை சுற்று. ஏன் எரிந்தது என்பதை விடாதே: ஒரு பேஸ் போனதாலா, கிணற்றில் தண்ணீர் இல்லாமல் ஓடியதாலா, பேரிங் பிடித்ததாலா? படமும் வரை, போட்டோவும் ஒட்டு. அதை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு பஸ் ஏறு. பம்ப்செட் கம்பெனிகள் நிறைந்த ஊர் அது. எந்த மோட்டார் வயலில் எதனால் எரிகிறது என்று எழுதி வைத்திருக்கிற பையனை சர்வீஸ் பிரிவில் இருக்கிறவர்கள் உட்கார வைத்துப் பேசாமலா விடுவார்கள்? முதல் இடத்தில் வேண்டாம் என்றால் நோட்டின் நகலைக் கொடுத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போ.

கடிதம் நீண்டுவிட்டது. அதட்டிவிட்டதாக நினைக்காதே, கண்ணா. நம் வீட்டுப் பிள்ளைகளிலேயே பொறுமைசாலி நீதான். சின்ன வயசில் ரேடியோவைப் பிரித்துப்போட்டபோது அத்தைதான் உன்னை அடிவாங்காமல் காப்பாற்றினாள். நீ எந்த முடிவெடுத்தாலும் அத்தை உன் பக்கம்தான். பணம் கேட்கிற அந்த ஆளிடமே போவதென்றாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ, அத்தையும் கூட வருகிறேன். பஸ் செலவுக்கும் இரண்டு நல்ல சட்டைக்கும் பணம் அனுப்பியிருக்கிறேன், அண்ணியிடம் சொல்ல வேண்டாம். கோயம்புத்தூரில் ராத்திரி தங்க வேண்டியிருந்தால் நம் பெரியம்மா மகள் வீடு இருக்கிறது, உனக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அன்பு அத்தை