மூட்டுவலி மாத்திரையும் விடிகாலை வியர்வையும்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. பி.பி.க்கு டெல்மிசார்டானும் நீர் பிரிய வைக்கும் மருந்தும் சேர்ந்த மாத்திரை. சர்க்கரைக்குப் பல வருஷமாக கிளைபென்கிளமைடு. போன மாதம் எலும்பு டாக்டர் மூட்டுவலிக்கு அசிக்ளோஃபெனாக் எழுதினார். தூக்கத்துக்கு மெடிக்கலில் அவில் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். இப்போது ராத்திரி எழுந்தால் தள்ளாடுகிறார். விடிகாலையில் வியர்த்துக் கொட்டுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார். "வயசானா அப்படித்தான்" என்கிறார் அண்ணன். விட்டுவிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: விடாதீர்கள். விடிகாலையில் வியர்வையும் உளறலும் என்றால் சர்க்கரை தாழ்ந்துபோகிறதோ என்பதுதான் என் முதல் சந்தேகம். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, அம்மாவால் விழுங்க முடிந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறிவிட்டாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். கிளைபென்கிளமைடால் இறங்கிய சர்க்கரை சில மணி நேரத்தில் திரும்பவும் இறங்கலாம். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

பல வருஷமாக ஒத்துக்கொண்ட மாத்திரை இப்போது ஏன் படுத்துகிறது? கிளைபென்கிளமைடை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. டெல்மிசார்டான், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் திணறலாம். அது திணறினால் சர்க்கரை மாத்திரை உடம்பிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு டாக்டரும் தன் சீட்டில் சரியாகத்தான் எழுதியிருப்பார். அடுத்தவர் சீட்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் "நார்மல்" என்று வந்தாலும் நிம்மதி வேண்டாம். சதை வற்றிய உடம்பில் அந்த எண் குறைவாகவே காட்டும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு என்று கேளுங்கள்.

அவிலை இன்றே நிறுத்திவிடலாம். தள்ளாட்டம், குழப்பம், சிறுநீர் அடைப்பு எல்லாம் அதன் கைவரிசை. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டியவை என்று அமெரிக்க முதியோர் மருத்துவர்கள் வைத்திருக்கும் 'பியர்ஸ்' பட்டியலில், அவில் போன்ற பழைய வகை அலர்ஜி மருந்தும் கிளைபென்கிளமைடும் இரண்டுமே இருக்கின்றன.

டாக்டரைப் பார்க்கும்வரை அசிக்ளோஃபெனாக்கும் வேண்டாம். பி.பி. மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். போகும்போது வீட்டிலுள்ள அத்தனை மருந்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்: தலையணைக்கடியில் இருப்பது, லேகிய டப்பா, கடைக்காரர் மருந்தின் பெயர் போகும்படி கத்தரித்துக் கொடுத்த நாலு மாத்திரை உட்பட. "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் அம்மாக்கள் பி.பி., சுகர் மட்டும்தான் சொல்வார்கள். கடையில் வாங்கியதெல்லாம் அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை.

சர்க்கரை மாத்திரையை மாற்றச் சொல்லி டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். மூட்டுவலிக்குப் பாராசிட்டமால் எவ்வளவு போடலாம் என்பதையும் அவரே சொல்லட்டும்.