பெயரைத் தேடாதே, ஊரைத் தேடு!
(பிலிப்பைன் மக்கள் தம் முன்னோரைக் கண்டறியும் வழி)

"நதிமூலம், ரிஷிமூலம் ஆராயக் கூடாது" என்பது நம் பெரியோர் வாக்கு. ஆயினும், தன் பாட்டியைப் பெற்ற தாய் யார், அவள் எந்த ஊரில் பிறந்தாள் என்று ஒரு பெண் அறிய விரும்பினால் அதை யாரும் குற்றம் என்று சொல்லமாட்டார்கள். மணிலாக்கொட்டை என்னும் பெயரால் நம் கிராமங்களுக்கும் அறிமுகமானது மணிலா நகரம். அதைத் தலைநகராகக் கொண்ட பிலிப்பைன் தீவுகளின் மக்கள் இன்று உலகெங்கும் தாதியராகவும் மாலுமிகளாகவும் ஆசிரியராகவும் பணியாற்றுகின்றனர். பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் அவர்களுள் பலர் தம் குலத்தின் வேரைத் தேடுகின்றனர். அந்தத் தேடல் எப்படி நடைபெறுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெயர் வந்த கதை

1565 முதல் 1898 வரை ஸ்பெயின் நாட்டவர் இத்தீவுகளை ஆண்டனர். அவர்களோடு வந்த குருக்கள் மக்களுக்கு ஞானஸ்நானம் அளித்துப் புனிதர்களின் பெயர்களைச் சூட்டினர். ஆனால் தந்தையின் பெயர் பிள்ளைக்குத் தொடரும் குடும்பப் பெயர் என்ற வழக்கம் அம்மக்களிடம் பரவலாக இருக்கவில்லை. தந்தை "தெ லா குரூஸ்" என்று அழைக்கப்படுவார். மகனோ "தெ லோஸ் சாந்தோஸ்" ஆகிவிடுவான். முன்னது "சிலுவையின்" என்றும், பின்னது "புனிதர்களின்" என்றும் பொருள்படும். ஒரே ஊரில் இப்பெயர்களைத் தாங்கியோர் எத்தனையோ பேர்.

நார்சீசோ கிளவேரியா என்பவர் 1844 முதல் 1849 வரை அங்கே ஆளுநராக இருந்தார். மாகாணங்களைச் சுற்றிப் பார்த்த அவருக்கு இந்தக் குழப்பம் பெருங்குறையாகத் தோன்றியது. யார் யாருக்கு உறவு என்று தெரியாததால் பங்குக் கோவில் ஏடுகள் பயனற்றுப் போகின்றன என்று அவர் கருதினார். எனவே 1849 நவம்பர் 21ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தார். ஏறக்குறைய 60,000 பெயர்கள் கொண்ட ஓர் அகரவரிசைப் பட்டியல் அச்சாயிற்று. அதில் ஸ்பானியக் குடும்பப் பெயர்களோடு செடிகொடி, கனிப்பொருள், ஊர், தொழில் முதலியவற்றின் பெயர்களும், உள்நாட்டுச் சொற்களும் இருந்தன. ஒவ்வொரு குடும்பமும் அதிலிருந்து ஒரு பெயரை ஏற்க வேண்டும். நான்கு தலைமுறையாக ஒரே பெயரை வைத்திருந்தோர் மட்டும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

பள்ளி மாணவியராகிய நமக்கு ஒரு சுவையான செய்தி: பிள்ளைகள் புதிய குடும்பப் பெயராலேயே ஒருவரையொருவர் அழைக்க வேண்டும், ஆசிரியர் அதைக் கவனிக்க வேண்டும், தவறினால் ஆசிரியருக்கே தண்டனை என்றும் அந்த ஆணை கூறியது!

பட்டியலின் தாள்கள் ஊர் ஊராகப் பிரித்து அனுப்பப்பட்டமையால், சில ஊர்களில் எல்லாப் பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்கலாயின. அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் என்னும் ஊர் இதற்குப் பெயர் பெற்றது. அங்கே பழைய குடும்பங்களின் பெயர்கள் "ர"கர ஒலியில் தொடங்கும்.

இதன் விளைவைச் சிந்திப்போம். உறவே இல்லாத இரு குடும்பங்கள் வெவ்வேறு ஊர்களில் ஒரே பெயரைப் பெற்றிருக்கக் கூடும். மறுபுறம், 1849க்கு முன் வாழ்ந்த தாத்தாவுக்கும் பின் வாழ்ந்த பேரனுக்கும் பெயரில் யாதொரு தொடர்பும் இராமல் போகலாம். உறவைத் தெளிவாக்க வந்த ஆணையே பழைய உறவை மறைக்கும் சுவராகவும் ஆகிவிட்டது. ஆகவே இத்தேடலில் முதல் விதி இதுதான்: பெயரைத் தேடாதே, ஊரைத் தேடு!

ஏடுகளில் என்ன இருக்கிறது?

16ஆம் நூற்றாண்டில் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம், பங்குக்குருக்கள் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் ஏடு வைக்க வேண்டுமென விதித்தது. பின்னர் அடக்க ஏடும் சேர்ந்தது. நம் பங்குக் கோவில் அலமாரியில் இருக்கும் ஏடுகளும் இதே விதியின் வழி வந்தவையே.

பிலிப்பைன் ஞானஸ்நான ஏட்டின் ஒரு பதிவில் பொதுவாகக் குழந்தையின் பெயர், நாள், தாய் தந்தையர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர், குருவின் கையெழுத்து ஆகியவை காணப்படும். பல பதிவுகளில், குடும்பம் எந்தக் "கபேசா"வுக்கு உட்பட்டது என்பதும் இருக்கும். கபேசா என்பவர் ஏறக்குறைய ஐம்பது குடும்பங்களுக்குத் தலைவராக இருந்து வரி திரட்டியவர். ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய இக்குறிப்பு பெரிதும் உதவும். "இந்தியோ" என்றிருந்தால் இந்தியர் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அது அத்தீவுகளின் பூர்வீக மக்களைக் குறிக்க ஸ்பானியர் வழங்கிய சொல். "சங்லே" என்றால் சீனர். "மெஸ்தீசோ" என்றால் கலப்பு வழியினர்.

தேடும் முறை

வெளிநாட்டில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குத் தன் பாட்டியின் பெயர் மரியா என்பது மட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அவள் என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். உயிரோடிருக்கும் முதியோரிடம் கேட்டு, ஊர், திருவிழா, ஞானத்தாய், உடன்பிறந்தோர் எனக் கிடைப்பதையெல்லாம் எழுதிக்கொள்ள வேண்டும். ஏடுகள் நாளையும் இருக்கக் கூடும். முதியோரின் நினைவு காத்திராது.

இரண்டாவதாக, அரசுப் பதிவுகளைப் பெற வேண்டும். பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றை நாடு முழுதும் பதியச் செய்த சட்டம் 1930இல் இயற்றப்பட்டு 1931 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இப்பதிவுகளின் நகல்களை இன்று பிலிப்பைன் புள்ளிவிவர ஆணையம் வழங்குகிறது. பாட்டியின் திருமணப் பதிவு கிடைத்தால் அவளுடைய பெற்றோரின் பெயரும் ஊரும் தெரியவரும்.

மூன்றாவதாக, அந்த ஊரின் பங்குக் கோவில் ஏட்டுக்குச் செல்ல வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள வமிசாவளிச் சங்கம் பிலிப்பைன் கோவில் ஏடுகள் பலவற்றை மைக்ரோஃபிலிம் சுருள்களில் படம் பிடித்தது. அப்படங்களுள் பெரும்பகுதி இன்று "ஃபேமிலிசர்ச்" என்னும் அதன் கணினித் தொகுப்பில் உள்ளது. ஆனால் எல்லா ஏடுகளுக்கும் பெயர் அட்டவணை இல்லை. கணினியில் பெயரைத் தட்டி, விடை வராவிட்டால், "எங்கள் குடும்பத்துக்குப் பதிவே இல்லை" என்று பலர் கைவிட்டு விடுகின்றனர். இது பெருந்தவறு. அட்டவணை இல்லை என்பதால் ஏட்டில் பெயரும் இல்லை என்றாகாது. நூலகத்தில் பட்டியல் எழுதப்படாத புத்தகத்தை அலமாரி அலமாரியாகத் தேடுவதில்லையா? அதுபோல ஏட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

புரட்டுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. பதிவுகள் நாள் வரிசையில் இருப்பதால், தோராயமான ஆண்டு தெரிந்தால் ஏட்டின் நடுவே திறந்து, முன்னோ பின்னோ நகரலாம். சில ஏடுகளின் கடைசியில் குருவே எழுதிய பட்டியல் இருக்கும். அது பெரும்பாலும் குடும்பப் பெயர் வரிசையில் இராமல் ஞானஸ்நானப் பெயர் வரிசையில் இருக்கும். பிறந்த நாளுக்குரிய புனிதரின் பெயரையே குழந்தைக்கு இடும் வழக்கமும் இருந்ததால், பெயரே சில வேளை மாதத்தைக் காட்டிக்கொடுக்கும்.

குறுக்கெழுத்துகளில் எச்சரிக்கை தேவை. ஏழு என்னும் இலக்கத்தை எழுதிப் பக்கத்தில் "ப்ரே" என்று சேர்த்திருந்தால் அது ஏழாம் மாதமாகிய ஜூலை அன்று, செப்டம்பர்! இலத்தீனில் "செப்தெம்" என்றால் ஏழு. அவ்வாறே எட்டு என்பது அக்டோபர். ஒன்பது என்பது நவம்பர். மற்றொரு புதுமை: 1844 டிசம்பர் 31ஆம் நாள் பிறந்தவர் எவரையும் அந்நாட்டு ஏடுகளில் காண முடியாது. ஆசியாவின் மற்ற பகுதிகளோடு தேதி ஒத்துப்போகும் பொருட்டு, ஆளுநர் கிளவேரியா அந்த ஒரு நாளையே நீக்கிவிட்டார். டிசம்பர் 30 திங்கட்கிழமை. மறுநாள் 1845 ஜனவரி முதல் தேதி, புதன்கிழமை!

ரிசால் குடும்பம் கற்பிக்கும் பாடம்

பிலிப்பைன் மக்களின் தேசிய வீரர் ஹோசே ரிசால். 1861 ஜூன் 19ஆம் நாள் கலம்பா என்னும் ஊரில் பிறந்து, 22ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த ஆண்டு, 1862 செப்டம்பர் 28ஆம் நாள், அவ்வூர்க் கோவில் ஏடுகள் தீக்கு இரையாயின. ஞானஸ்நானச் சான்று வேண்டியபோது எப்படிக் கிடைத்தது? எரிந்த ஏட்டுக்கு மாற்றாக, விவரம் அறிந்த சாட்சிகளைச் சத்தியத்தின் பேரில் விசாரித்துப் புதிய பதிவு உண்டாக்கியிருந்தார்கள். அதைக் கொண்டே பங்குக்குரு லியோன்சியோ லோபெஸ் சான்று அளித்தார். ஏடு அழிந்தாலும் ஊராரின் வாய்மொழி நின்றது.

ரிசாலின் முன்னோரை ஆராய்ந்தவர்களுள் ஆஸ்டின் கிரெய்க் என்பவர் குறிப்பிடத்தக்கவர். அவர் நூல் 1913இல் வெளிவந்தது. ரிசாலின் கொள்ளுப்பாட்டனுக்குத் தந்தையான லாம்கோ ஒரு சீனர். 1697 ஜூன் மாதம் மணிலாவில் சீனர் வாழ்ந்த பரியான் பகுதியின் கோவிலில், முப்பத்தைந்தாம் வயதில், ஞாயிற்றுக்கிழமையன்று ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு இட்ட பெயர் தொமிங்கோ. ஸ்பானிய மொழியில் அதற்கு ஞாயிறு என்றே பொருள். பின்னர் அக்குடும்பம் "மெர்க்காதோ", அதாவது சந்தை, என்னும் பெயரை ஏற்றது. 1849 ஆணைக்குப் பின் "ரிசால்" சேர்ந்தது. அண்ணன் பசியானோ ஒரு காலத்தில் மெர்க்காதோ என்று வழங்கப்பட்டார். தம்பியோ ரிசால் ஆனார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் இருவேறு பெயரால் அறியப்பட்டதைக் காண்கிறோம். பெயரை மட்டும் நம்பித் தேடியிருந்தால் லாம்கோவை அடைந்திருக்க முடியுமா?

எல்லா ஊருக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. தீ, புயல், கரையான், போர் ஆகியவற்றால் மறைந்த ஏடுகள் ஏராளம். 1945 பிப்ரவரியில் நடந்த மணிலாப் போரில் பழைய மதில்சூழ் நகரின் கோவில்களுள் புனித அகுஸ்தீன் கோவில் ஒன்றே தப்பி நின்றது. கோவில் ஏடு இல்லாவிடத்து, தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள ஸ்பானியர் காலத்துக் குடிமக்கள் பட்டியல், வரிப்பட்டியல், நிலப்பத்திரம் முதலியவற்றை நாட வேண்டும். இவற்றிலும் பெரும்பாலானவை பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டியவையே.

நமக்கும் இதில் ஓர் இழை உண்டு. 1762இல் சென்னையிலிருந்து சென்ற ஆங்கிலப் படை மணிலாவைப் பிடித்து 1764 வரை வைத்திருந்தது. அப்படையில் இருந்த சென்னைச் சிப்பாய்களில் சிலர் திரும்பாமல், மணிலாவுக்கு அருகில் கயின்தா என்னும் ஊரில் குடியேறி, அங்கேயே மணம் புரிந்தனர். அவர்கள் வழியினர் இன்றும் அங்கு உள்ளனர். அவர்களும் ஏனையோரைப் போலவே ஸ்பானியப் பெயர்களைத் தாங்கியவர்கள். நம் ஊர்ப் பெயர் ஒன்றைத் தேடிச் செல்வோர் ஏமாறுவர். ஊரையும் கோவிலையும் தேடிச் செல்வோருக்கே வழி பிறக்கும்.

நாம் கொள்ள வேண்டியவை

இத்தேடலில் பெரிய சோதனை ஒன்று உண்டு. பல நாள் புரட்டியும் கிடைக்காதபோது, அதே பெயருள்ள வேறொருவரை "இவரே நம் தாத்தா" என்று ஒட்டவைக்க மனம் தூண்டும். அது பொய்ச்சாட்சிக்கு ஒப்பாகும். அந்நியரின் தாத்தாவைக் கொண்டாடிச் சொந்தத் தாத்தாவைத் தொலைப்பதாகும். பெற்றோர், ஊர், காலம், ஞானப்பெற்றோர் ஆகிய நான்கில் மூன்றாவது ஒத்துவந்தாலன்றி ஒரு பதிவை நம்முடையது என்று ஏற்காதிருப்பதே நேர்மை. தெரியாத இடத்தை வெற்றிடமாக விடுவது இழிவாகாது.

இன்னொன்றும் நம் நெஞ்சில் பதிய வேண்டும். அரசர் வரலாற்றில் ஏழைத் தாயின் பெயர் இராது. ஆனால் கோவில் ஏட்டில், குழந்தையின் பெயருக்குக் கீழே தாயின் பெயரையும் ஒரு குரு மைதொட்டு எழுதி வைத்தார். எழுதப் படிக்க அறியாத அந்தத் தாய்க்கு, தான் இருந்ததற்கு உலகில் எஞ்சிய ஒரே சான்று அந்த ஒரு வரியாகவே இருக்கலாம். யாரோ ஒரு பேத்தி பொறுமையோடு பக்கங்களைப் புரட்டினால் அவ்வரி மீண்டும் வாசிக்கப்படும்.

இந்த விடுமுறையில் நாமும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் அமர்வோமாக. அவர்களுடைய தாயின் பெயரையும், பிறந்த ஊரையும் கேட்டு முதல் பக்கத்தில் எழுதுவோமாக.